48 மணி நேரக் கணக்கு



பசுமலையில் நான் வரலாறு நடத்திய காலத்தில், வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் ஷிப்டுக்குப் போகிறவர்கள். 1881 தொழிற்சாலைச் சட்டம் புத்தகத்தில் ஒரு வரிதான். நூறு பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளுக்கானது. ஏழு வயதுக்குக் கீழே பிள்ளைகளை வைக்கக் கூடாது (வகுப்பே சிரிக்கும்), விபத்து நடந்தால் தெரிவிக்க வேண்டும். மதுரையில் ஹார்வி மில் ஓடத் தொடங்கியதே 1892-ல். மில்லுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது!

1923-ல் நஷ்டஈட்டுச் சட்டம். இன்றைய அட்டவணைப்படி ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீத இழப்பு. 2025 வரை நடப்பில் இருந்த 1948 சட்டத்தின் 88-வது பிரிவோ, அடிபட்டவர் 48 மணி நேரம் வேலை செய்ய முடியாமல் போனால் அதிகாரிக்குத் தகவல் தர வேண்டும் என்றது.

அந்த 48-ல்தான் சூட்சுமம். "அப்பாவுக்கு மிஷினில் விரல் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்" என்று ஒரு பையன் லீவு லெட்டர் கொடுத்தான். ஊருக்கு வெளியே ஒரு சிறு ஆலை, பெயர் வேண்டாம். மறுநாளே கட்டுப் போட்ட கையோடு அவரைக் கூட்டிப் போய் கேட்டருகே ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். வருகைப் பதிவில் 'ஆஜர்'. பிறகு நஷ்டஈடு கேட்டபோது, விபத்தே நடக்கவில்லை என்றார்கள்.

தேதி போட்ட சாட்சி அந்த லெட்டர் ஒன்றுதான். அதைக் கேட்டு அவன் அம்மா பள்ளிக்கு வந்து நின்றார். வருடக் கடைசியில் பழைய தாள்களோடு அதையும் எடைக்குப் போட்டிருந்தேன்.

ஓய்வு பெறும்வரை அப்புறம் ஒரு லீவு லெட்டரையும் நான் தூக்கிப் போட்டதில்லை.