கரைந்துபோன ஐஸ்கிரீமும் முப்பத்தாறு அடிப் படகும்



போன மாதம் அமெரிக்காவில் இருந்து மருமகன் வீடியோவில் பேசினார். ஃபுளோரிடாவில் டாம்பா பக்கம் இருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். "மாமா, பிள்ளைகளோடு கடலுக்குப் போய்வர ஒரு போட் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க கடற்கரைப் பள்ளிக்கூடத்துல இருபது வருஷம் வேலை பார்த்தவங்க. ஒரு யோசனை சொல்லுங்க" என்றார். ஒரு படமும் அனுப்பினார். 36 அடி நீளம். பின்னால் வரிசையாக மூன்று எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 300 குதிரைசக்தி. பக்கத்தில் நின்ற மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகம்தான் சொன்னது. பேரனுக்கு ஏழு வயது, பேத்திக்கு நான்கு.

எனக்குப் படகு வாங்கத் தெரியாது, சரித்திரம் படிக்கத் தெரியும். அதனால் மூன்று வாரம் உட்கார்ந்து இந்தப் படகு எங்கிருந்து வந்தது என்று படித்தேன். மருமகனுக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் சிலருக்கும் இந்த ஆசை இருக்கலாம்.

படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் மோட்டாருக்கு அவுட்போர்டு என்று பெயர். இதை வியாபாரப் பொருளாக முதலில் விற்றவர்களில் ஒருவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேமரன் வாட்டர்மேன். ஆனால் ஊர் உலகமெங்கும் பரப்பியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் 1877-இல் பிறந்து, குழந்தையாக அமெரிக்கா வந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் வளர்ந்தவர். அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு கோடை நாளில் ஏரி நடுவே தீவில் நண்பர்களோடு இருந்தபோது, பிறகு அவருக்கு மனைவியான பெஸ் ஐஸ்கிரீம் கேட்டாராம். இவர் துடுப்புப் போட்டு இரண்டரை மைல் போய் வாங்கித் திரும்புவதற்குள் அது கரைந்துவிட்டதாம். துடுப்புக்குப் பதில் மோட்டார் இருந்தால் என்ன என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது என்பார்கள்.

கதை எப்படி இருந்தாலும் எஞ்சின் உண்மை. 1909-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தது ஒன்றரைக் குதிரைசக்தி, எடை 62 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 28 கிலோ. பெஸ் அம்மையார்தான் கணக்கு வழக்கையும் விளம்பரத்தையும் பார்த்தார். துடுப்பைத் தூக்கி எறியுங்கள் என்பதுதான் அவர் எழுதிய விளம்பரத்தின் சாரம். அந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த மோட்டார் பிறந்ததே குடும்ப உல்லாசத்துக்காக. சண்டைக்கும் அல்ல, சரக்குக்கும் அல்ல. ஆனால் ஆழ்கடல் மீன்பிடி விளையாட்டு அப்போது வேறு வழியில் வளர்ந்தது. வசதி படைத்தவர்கள் படகின் உள்ளே எஞ்சின் வைத்த பெரிய மரப்படகுகளில் போனார்கள். எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1934-இல் நியூயார்க் புரூக்ளினில் இருந்த வீலர் படகுத் துறையில் 'பிலார்' என்ற படகை வாங்கினார். 38 அடி. அதில் 75 குதிரைசக்தியில் பெரிய எஞ்சின் ஒன்று, 40 குதிரைசக்தியில் சின்ன எஞ்சின் ஒன்று. தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போவதற்குச் சின்னது. பெரியது மக்கர் செய்தால் கரை சேர்க்கவும் அது உதவும்.

1950-களின் கடைசியிலும் 1960-லும் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

முதலாவது, மரத்தின் இடத்தை ஃபைபர் பிடித்தது. வட கரோலினாவில் வில்லிஸ் ஸ்லேன் 1960-இல் 41 அடி நீளத்தில் ஃபைபர் மீன்பிடிப் படகைக் கட்டி, ஹாட்டராஸ் என்ற பெயருக்கு அடித்தளம் போட்டார்.

இரண்டாவது, அடிப்பாகத்தின் வடிவம். ரே ஹன்ட் என்ற வடிவமைப்பாளர் ஆழமான 'வி' போன்ற அடிப்பாகத்தை வரைந்தார். 1960-இல் மியாமியில் இருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில் கடல் கொந்தளித்தது. டிக் பெர்ட்ராம் அந்த வடிவத்தில் கட்டிய 'மாப்பி' என்ற படகில் ஜெயித்தார். தட்டையான அடிப்பாகம் அலைமேல் அறையும், கூரான அடிப்பாகம் அலையைக் கிழிக்கும். இன்று மருமகன் அனுப்பிய படத்திலும் அதே 'வி'தான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டிக் ஃபிஷர் என்பவர் 1958-இல் பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகைக் கொண்டுவந்தார். இதன் வடிவமைப்பிலும் ரே ஹன்ட்டுக்குப் பங்கு உண்டு. இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே நுரையை நிரப்பி ஒட்டிய படகு அது. 1961-இல் 'லைஃப்' பத்திரிகையில் படங்கள் வந்தன. கோட்டு சூட்டோடு ஃபிஷர் படகில் உட்கார்ந்திருக்க, படகை நடுவில் ரம்பத்தால் அறுக்கிறார்கள். இரண்டு பாதியும் மிதக்கிறது. எஞ்சின் இருந்த பாதியை அவர் ஓட்டிக்கொண்டே போய்விட்டார்!

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மூழ்காத படகு நம் கடற்கரைக்குப் புதிதா? கட்டுமரத்தை எத்தனை தடவை கவிழ்த்தாலும் மூழ்காது. அது கட்டைதானே, தண்ணீர் நிரம்ப அதில் குழியே இல்லை. ஆங்கிலத்தில் கட்டமரான் என்ற சொல்லே நம்மிடம் இருந்து போனது. ஆனால் அவர்கள் இன்று அந்தப் பெயரில் சொல்வது இரண்டு உடல் கொண்ட வேறு வகைப் படகு. அதிலும் இப்போது அவுட்போர்டு பூட்டிய மீன்பிடிப் படகுகள் வருகின்றன. நின்ற இடத்தில் 'வி' அடிப்பாகத்தைவிடக் குறைவாகத்தான் உருளும். குமட்டல் வரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அதையும் பார்க்கச் சொன்னேன்.

1960-களில் இருந்து சுக்கானைப் படகின் நடுவில் நிறுத்தி, சுற்றி நடக்க வழிவிட்ட திறந்த படகுகள் பெருகின. மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் தூண்டில்காரர் கூடவே சுற்றி வரலாம். அதைத் தள்ள அவுட்போர்டுகளும் வளர்ந்தன. 1962-இல் மெர்க்குரி 100 குதிரைசக்தியைத் தொட்டது. 1960-இல் யமஹா, 1964-இல் ஹோண்டா, 1965-இல் சுசுகி என்று ஜப்பானியர்கள் உள்ளே வந்தார்கள். 1996-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த புகை விதிகளால் பழைய டூ ஸ்ட்ரோக் ஒதுங்கி, ஃபோர் ஸ்ட்ரோக் நிலைத்தது. யமஹா 2007-இல் 350 குதிரைசக்தி எஞ்சினைக் கொண்டுவந்த பிறகு, பெரிய படகுக்கும் அவுட்போர்டு போதும் என்ற நம்பிக்கை வந்தது. 2021-இல் மெர்க்குரி 600-ஐ அறிவித்தது. அதன் எடை 1,260 பவுண்டு, ஏறத்தாழ 570 கிலோ. ஒன்றரை எங்கே, அறுநூறு எங்கே!

எவின்ரூட்? அந்தப் பெயரில் அவுட்போர்டு செய்வதை 2020-இல் நிறுத்திவிட்டார்கள். 111 வருடம். அதனால் மருமகனிடம் சொன்னேன், எஞ்சின் பெயரைப் பார்க்கும் முன் பக்கத்தில் அதற்கு ஸ்பேர் பார்ட்ஸும் மெக்கானிக்கும் இருக்கிறார்களா என்று பாருங்கள் என்று.

இனி அந்தத் துடுப்பு விஷயம்.

1989 என்று நினைவு. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பையனின் அப்பா என்னைத் தம் வள்ளத்தில் ஒருநாள் அழைத்துப் போனார். அப்போது நம் பக்கத்து வள்ளங்களில் அவுட்போர்டு பூட்டத் தொடங்கியிருந்த காலம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். திரும்பும்போது நடுக்கடலில் எஞ்சின் நின்றது. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குக் கை சிவந்துவிட்டது. கரை ஒரு கோடாகத் தெரிந்தது. எனக்கு வயிறு கலங்கியது. அவர் நிதானமாகக் குனிந்து, அடியில் கிடந்த ஒட்டுப்போட்ட பாயை விரித்தார். துடுப்பை என் கையில் கொடுத்தார். நான்கு மணி நேரம் ஆனது. கரையேறியதும், "சாரே, மெஷினு இருக்குன்னு பாயை வீட்டுல வச்சிட்டு வரக்கூடாது" என்றார். நான் பயிற்சிப் பள்ளியில் படித்த எந்தப் பாடமும் இவ்வளவு ஆழமாகப் பதியவில்லை.

மூன்று எஞ்சின் இருக்கும் படகுக்கு இது எதற்கு என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்று நின்றால் மற்ற இரண்டு கரை சேர்க்கும், உண்மை. ஆனால் மூன்றுக்கும் போவது ஒரே இடத்தில் நிரப்பிய பெட்ரோல். அதில் தண்ணீர் கலந்திருந்தால் மூன்றும் நிற்கும். இன்னொரு கணக்கும் உண்டு. முழு வேகத்தில் ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், குதிரைசக்தியில் பத்தில் ஒரு பங்கு கேலன் அளவுக்கு ஒரு மணி நேரத்தில் குடிக்கும் என்பது அங்குள்ளவர்களின் கைக்கணக்கு. 900 குதிரைசக்திக்கு 90 கேலன், ஏறத்தாழ 340 லிட்டர். நிதான வேகத்தில் இது மிகவும் குறையும். இருந்தாலும் போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்பதே அனுபவசாலிகளின் வழக்கம். மியாமி பக்கம் கரையில் இருந்து சற்றுத் தூரத்திலேயே ஆழம் வந்துவிடும். டாம்பா பக்கம் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் கிடக்கும். ஆழம் தேடி நெடுந்தூரம் போக வேண்டும், கோடையில் மதியம் திரண்டு வரும் இடிமழைக்கு முன் திரும்பவும் வேண்டும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது எஞ்சின் அல்ல, சட்டம். அமெரிக்காவில் 1971-இல் படகுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதிகளின்படி 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகில், தண்ணீர் நிரம்பினாலும் மிதக்கும்படி ஏற்பாடு இருக்க வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்ற தகடும் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மாட்டிக்கொள்வது கட்டாயம், 26 அடிக்குக் குறைந்த படகுகளில். ஃபுளோரிடா மாநிலச் சட்டப்படி ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தை ஓடும் படகில் லைஃப் ஜாக்கெட் அணிய வேண்டும், அதுவும் 26 அடிக்குக் குறைந்த படகுகளில்.

கவனித்தீர்களா? நான்கு விதியும் சின்னப் படகுக்கு. 36 அடிப் படகில் ஏறினால் இந்த நான்கும் பின்னால் நின்றுவிடுகின்றன. பெரிதாக இருப்பதால் பத்திரம் என்று நாம் நினைக்கிறோம். பெரிதாக இருப்பதால் நம்மை நம்பி விட்டுவிட்டார்கள் என்பதே சரி.

ஆகவே மருமகனுக்கு இப்படி எழுதினேன்:

"மக்களே, வாங்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் நிரம்பினால் இந்தப் படகு மிதக்குமா என்று விற்பவரிடம் கேளுங்கள். சில கம்பெனிகள் பெரிய படகிலும் தாமாகவே நுரை நிரப்புகின்றன. பக்கச்சுவர் பேத்தியின் உயரத்துக்கு இருக்கிறதா என்று அவளை நிறுத்திப் பாருங்கள். மூன்று புரொப்பல்லர் இருக்கும் பின்பக்கம்தான் பிள்ளைகள் குதிக்க ஆசைப்படும் இடம், எஞ்சின் மூன்றும் அணையாமல் ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அந்தக் கயிற்றை நீங்கள் மாட்டுங்கள். ஜாக்கெட்டைப் பிள்ளைகளுக்கு மாட்டுங்கள். ரேடியோவில் உதவி கேட்க உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். அது என் மகளாக இருக்கட்டும்."

இரண்டு நாள் பதில் இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மகள்தான் கூப்பிட்டாள். "அப்பா, கேப்டனோட ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னு இருக்கோம். 28 அடியும் பார்க்கிறார். நானும் அவரும் சேர்ந்து படகோட்டும் பாடம் படிக்கிறோம்" என்றாள். படகு இன்னும் வாங்கவில்லை. ஆனால் இரண்டு சின்ன லைஃப் ஜாக்கெட் வாங்கியாகிவிட்டது. பேத்தி அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறாளாம், கழற்ற மாட்டேன் என்கிறாளாம்.

கடலோடும் குடும்பங்களில் பிறந்த என் மாணவர்கள் இதைப் படிப்பீர்கள். நான் எழுதியதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். கடல் விஷயத்தில் நீங்கள்தான் எனக்கு வாத்தியார். அந்த வள்ளத்துக்காரரின் மகனும் இங்கே இருக்கிறான். தம்பி, அப்பாவின் அந்தப் பாய் இன்னும் வீட்டில் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடப்பா.