வீட்டுக்காகப் பிறந்த கழகம், ஹோட்டலுக்குக் குடை

1968 ஏப்ரல் 9. மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச்சடங்கு நடந்த அன்றுதான் நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் நகர்ப்புற மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கியது. ஏழைகளுக்கு வீடு கட்டுவதே முதன்மை நோக்கம் என்றார்கள். அதன் சொத்துகளுக்கு வரிவிலக்கும் தந்தார்கள்.

1975இல் கழகம் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. நகரமும் திவாலாகும் நிலையில் இருந்தது. மறு ஆண்டே கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய கொமடோர் ஹோட்டலைப் புதுப்பிக்க, டொனால்ட் டிரம்ப்புக்கு 40 ஆண்டு வரிச்சலுகை கிடைத்தது. ஹோட்டல் காகிதத்தில் கழகத்தின் சொத்தானது. வரிக்குப் பதிலாக வாடகையும் லாபத்தில் பங்கும் என்று பேச்சு.

லாபம் எவ்வளவு என்று யார் சொல்வது? ஹோட்டல்காரர்கள்தான். 1980களின் இறுதியில் நகரத் தணிக்கை, கணக்கில் குளறுபடி இருப்பதையும் நகரத்துக்குச் சேரவேண்டிய பங்கு குறைந்ததையும் கண்டது. 2016 வரை நகரம் இழந்த வரி சுமார் 36 கோடி டாலர்.

பட்டியல் சாதியினருக்கான சிறப்பு உட்கூறுத் திட்ட நிதி 2010 டெல்லி காமன்வெல்த் போட்டிக்குத் திருப்பப்பட்டதைக் கண்ட நமக்கு இந்த வழி பழக்கமானது. நம் பெயரில் தொடங்கும் எதற்கும் கணக்கு கேட்பதை நாம் நிறுத்தக்கூடாது.