தீவாந்தரமும் இன்பச் சுற்றுலாவும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது, யாது எழுதுவதென்று யாம் நெடுநேரம் எண்ணமிட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, சரக்கு அலுவலகக் கணக்கேடுகளிலே வாழ்நாளைக் கழித்துவரும் ஒரு புகைவண்டிக் குமாஸ்தா, புலவர் பெருமக்கள் எழுதும் மலரில் எதைச் சொல்லிவிட முடியும்? எனினும், நண்பர்கள் நால்வர் ஐவராகக் கூடிச் சில நாள் வெளியூர் சென்று களித்து வருவது இக்காலத்திற் பெருவழக்காகிவிட்டது. நம் கரக்பூர்க் காலனிப் பிள்ளைகளிலும் சிலர் பாரிசும் ரோமும் கண்டு, கைப்பேசியிற் படம் அனுப்புகின்றனர். அத்துணைத் தொலைவு செல்ல வசதியில்லாத யாம் ஐவர், 2019ஆம் ஆண்டு பொங்கல் கழிந்ததும் அந்தமான் தீவுகளுக்குச் சென்று வந்தோம். அச்செலவின் வாயிலாக அறிந்துகொண்ட வரலாற்றைக் காலனிக் குடும்பங்கட்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, எதிர்வீட்டுப் பாட்டியாரிடம் விடைபெறச் சென்றோம். "தீவாந்தரத்துக்கா, ஐயா, உல்லாசமாகப் போகிறீர்கள்?" என்று அவர் வியந்து கேட்டார். அச்சொல் எம்மைச் சுட்டது. நம் பாட்டன்மார் காலத்தில் தீவாந்தரம் என்பது இடப்பெயரன்று, தண்டனையின் பெயர். வடநாட்டார் அதனையே காலாபாணி, அதாவது கறுப்புத் தண்ணீர், என்றனர். எம் தொழில்மொழியிற் கூறின், திரும்புசீட்டு வழங்கப்படாத வழி அது. அவ்வழி எப்போது, எவ்வாறு இன்பவழி ஆயிற்று? இவ்வினாவோடுதான் கித்தர்ப்பூர்த் துறையிற் கப்பலேறினோம். ஊக்ளி ஆற்றின் சேற்றுநீர் கடல்முகத்திற் பச்சையாகி, பின்னர்க் கருநீலமாயிற்று. மூன்று நாளுக்கு மேலும் கரையே தென்படவில்லை. பெயர்க்காரணம் கேட்டறிய வேண்டிய தேவை எமக்கு இல்லாது போயிற்று.

இத்தீவுகள் தமிழர்க்குப் புதியன அல்ல. முதலாம் இராசேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று குறிக்கப்படுவது நிக்கோபாரே என்பர் ஆராய்ச்சியாளர். ஐரோப்பியருள் டென்மார்க் நாட்டார் 1756 முதல் நிக்கோபாருக்கு உரிமை கொண்டாடி, 1868இல் அவ்வுரிமையை ஆங்கிலேயருக்கு விற்றனர். அந்தமானில் 1789ஆம் ஆண்டு ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கப்பற்படை அதிகாரி சாத்தம் தீவிற் குடியிருப்பு ஒன்றை நிறுவினார். நோய் மிகுந்து மக்கள் மடியவே, 1796இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. அங்கிருந்த கைதிகள் பினாங்கிற்கு அனுப்பப்பட்டனர். 1802இல் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் அவருடன் பிடிபட்ட பாளையக்காரர் தரப்பினரும் அந்தமானுக்கன்றிப் பினாங்கிற்குக் கப்பலேற்றப்பட்டதற்கு இதுவே பின்னணி எனலாம்.

1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் ஆங்கில அரசு மீண்டும் இத்தீவுகளை நினைவுகூர்ந்தது. 1858ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 10ஆம் நாள், மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு கரையிறங்கினார். காடு வெட்டியவரும், சாலை அமைத்தவரும், தமக்குத் தாமே சிறை கட்டியவரும் அக்கைதிகளே. பின்னாளில் நாட்டின் பல திசைகளினின்றும் தண்டனை பெற்றோர் வந்து சேர்ந்தனர். 1921ஆம் ஆண்டு மலபார்க் கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்ட மாப்பிள்ளைமார், தாம் குடியேறிய ஊர்கட்குக் காலிகட், மஞ்சேரி, வண்டூர் எனத் தம் மண்ணின் பெயர்களையே இட்டனர். திரும்ப இயலாதவன் செய்யக்கூடியது அதுவொன்றே போலும்!

இன்பச் சுற்றுலாவை நாடி இத்தீவுக்கு வந்தோருள் வரலாறு மறவாத பெயர் மேயோ பிரபுவினுடையது. இந்திய வைசிராயாக இருந்த அவர், 1872ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் அலுவல் முடிந்த பின்னர், கதிரவன் மறையும் காட்சியைக் காண ஹாரியட் மலைமேல் ஏறினார். காட்சியில் மகிழ்ந்து இறங்கி வந்து, ஹோப் டவுன் துறையிற் படகேற இருந்த வேளையில், ஷேர் அலி அப்ரிதி என்னும் கைதி இருளினின்று பாய்ந்து அவரைக் கத்தியாற் குத்திக் கொன்றான். மேயோவின் மனைவியார் கப்பலிற் காத்திருந்தார். ஷேர் அலி அடுத்த மாதமே வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டான். அம்மலைக்கு 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றினர். 1891ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மணிப்பூர் மன்னர் குலச்சந்திர சிங்கும் அவர் துணைவரும் நாடு கடத்தப்பட்டுக் காவலில் இருந்தது அங்கேதான். யாமும் அம்மலை ஏறினோம். காட்சி இனியதே, ஆயினும் எவரும் உரக்கப் பேசவில்லை.

மறுநாள் ராஸ் தீவுக்குப் படகிற் சென்றோம். 2018ஆம் ஆண்டு இறுதியில் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயரிட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஆங்கில அதிகாரிகள் வாழ்ந்த தலைமையிடம் அது. நடன அரங்கு, நீச்சற்குளம், டென்னிஸ் ஆடுகளம், ரொட்டிக் கிடங்கு, தேவாலயம் ஆகிய எல்லாம் அச்சிறு நிலத்துள் அமைந்திருந்தன. 1941ஆம் ஆண்டு நிலநடுக்கமும் அடுத்த ஆண்டு வந்த ஜப்பானியர் ஆட்சியும் அவ்வாழ்வை முடித்துவைத்தன. இன்று சுவர்களை மரவேர்கள் கட்டிப் பிடித்திருக்கின்றன, புள்ளிமான்கள் நடமாடுகின்றன. அங்கு நின்று எதிர்க்கரையை நோக்கின் செல்லுலார் சிறை தெரிகின்றது. ஒரே கடற்காற்று ஒரு கரையில் நடன இசையையும் மறுகரையில் சங்கிலி ஒலியையும் சுமந்திருக்குமன்றோ!

அச்சிறை 1896இல் தொடங்கி 1906இற் கட்டி முடிக்கப்பட்டது. நடுக் கோபுரத்தினின்று ஏழு கிளைகள் பிரியும். அறைகள் 690க்கு மேற்பட்டவை. ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்குமாறு அமைத்தமையால், கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் காணான். நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்டித் தரவேண்டுமென்பது செக்கிழுப்போர்க்கு விதி. செக்கைக் கண்டதும் எமக்கு வ. உ. சிதம்பரனாரே நினைவுக்கு வந்தார். 1908ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் நெல்லை நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தது தீவாந்தர தண்டனையே. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டமையால் அந்தமான் தப்பிற்று, செக்கு தப்பவில்லை. கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இன்று சென்னைக் கிண்டியில் உள்ளது.

நம் பிள்ளைகள் காணும் ஐரோப்பாவும் இக்கதையில் உண்டு. 1910இல் இலண்டனிற் கைதாகி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சாவர்க்கர், பிரான்சு நாட்டு மார்சேல் துறையிற் கப்பலினின்று குதித்தார். பிடிபட்டு மறு ஆண்டு இச்சிறைக்கு வந்தார். அவருடைய இலண்டன் தோழரான வரகனேரி வ. வே. சு. ஐயர், அதே 1910இல் மாறுவேடம் பூண்டு புதுவை வந்து சேர்ந்தார். இனி, நம் கரக்பூரின் பங்கையும் சொல்லவேண்டும். இஜ்லியில் இன்று பொறியியற் கல்வி நிலையத்தின் பழைய கட்டடமாக நாம் காண்பது, அந்நாளில் வங்கப் புரட்சியாளரை அடைத்து வைத்த முகாம். 1931 செப்டம்பர் 16இல் அங்கே சந்தோஷ் குமார் மித்ராவும் தாரகேசுவர் சென்குப்தாவும் சுடப்பட்டு இறந்தனர். அவர்களையொத்த புரட்சியாளர் பலர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். 1933ஆம் ஆண்டு உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் அங்கே உயிர்நீத்தனர்.

1942 மார்ச்சு மாதம் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 1943 டிசம்பர் 30ஆம் நாள் நேதாஜி அங்கே மூவண்ணக் கொடியை ஏற்றினார். ஒரு மாதம் சென்றபின், 1944 சனவரி 30ஆம் நாள், ஒற்றர் என்னும் பழிசுமத்தி 44 இந்தியரை ஜப்பானியர் ஹம்ப்ரிகஞ்சிற் சுட்டுக் கொன்றனர். பெருமையும் துயரும் அம்மண்ணில் அத்துணை நெருக்கம்! ஏழு கிளைகளுள் மூன்றே எஞ்சிய அச்சிறை, 1979 பிப்ரவரி 11இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. போர்ட் பிளேர் நகரமே 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப்படுகின்றது.

ஐவருள் கருத்து வேறுபட்ட இடமும் ஒன்றுண்டு. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளைக் காண இருவர் விரும்பினர். அங்குச் செல்லும் பெருஞ்சாலை ஜாரவா மக்களின் காட்டினூடே செல்கின்றது. வண்டியில் உடன் வருவோர் குகையைவிட ஜாரவாக்களைக் காணவே ஆவல் கொள்வர் எனக் கேள்வியுற்றோம். 2002இல் உச்சநீதிமன்றம் அப்பகுதியிற் சாலையை மூடுமாறு கூறியதையும், 2012இல் உணவுக்காக அம்மக்களை ஆடவைத்த படம் வெளியாகி உலகம் வெட்கியதையும் எம்முள் ஒருவர் நினைவூட்டினார். அவர் மேலும் ஒன்று கூறினார்: பேரந்தமானியர் எனப்படும் தொல்குடியினர் 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 625 பேர், 1961இல் 19 பேர். புதியோர் கொணர்ந்த நோய்களே பெரிதும் அவர்களை அழித்தன. இதைக் கேட்டபின் குகையின் பேச்சை எவரும் எடுக்கவில்லை. மனிதரைக் காட்சிப்பொருளாக்கிக் காண்பதினும் காணாதிருத்தல் நன்றென முடிவு செய்து, அந்நாளைச் சாத்தம் மரஅறுவை ஆலையிற் கழித்தோம். 1883இல் தொடங்கிய ஆலை அது.

இறுதியாக ஒன்று. எம் ஐவருள் ஒருவருடைய தாய்மாமன் இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்ந்தவர். 1964ஆம் ஆண்டு சிறீமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு இராமேசுவரம் வந்திறங்கியவருள் சில குடும்பங்கள் நிக்கோபாரைச் சார்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்திற் குடியேற்றப்பட்டன; மாமன் குடும்பமும் அவற்றுள் ஒன்று. "ஒருமுறை வந்து போ" என்று அவர் எழுதிய கடிதத்திற்கு, அடுத்த ஆண்டு, அடுத்த ஆண்டு என்றே நம் நண்பர் மறுமொழி எழுதிவந்தார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலைப் பேரழிவுக்குள்ளாக்கியது. மாமனும் மாமியும் காணாதார் பட்டியலிற் சேர்ந்தனர். எம் பயணத்தைத் தொடங்கிவைத்தவர் இந்நண்பரே. காரணத்தைக் கப்பலில்தான் எமக்குச் சொன்னார்.

நிக்கோபார் பழங்குடி மக்களுக்கென ஒதுக்கப்பட்டமையால், சுற்றிப் பார்க்க வருவோர்க்கு அங்குச் செல்ல இசைவு கிடைப்பதில்லை. முறை அதுவே, குறை கூற ஒன்றுமில்லை. தீவுக்கப்பல் புறப்படும் துறைக்கு நண்பர் எம்மை அழைத்துச் சென்றார். அங்கே, மருத்துவத்திற்காக வந்து கச்சாலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த முதிய தமிழர் ஒருவரைக் கண்டோம். மாமன் பெயரைச் சொல்லி நண்பர் உசாவினார். முதியவர் நெடிது சிந்தித்தார். "பெயர் நினைவுக்கு வரவில்லை, தம்பி. ரப்பர்ப் பால் எடுத்தவர் எல்லாரும் ஒரே குடும்பந்தான். நான் ஏற்றும் விளக்கோடு அவருக்கும் ஒன்று ஏற்றுகிறேன்" என்றார். நண்பர் கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்த கற்பூரப் பொட்டலத்தை அவர் கையிற் கொடுத்தார். கப்பல் துறையைவிட்டு நீங்கும்வரை யாம் ஐவரும் நின்றிருந்தோம்.

ஊர் திரும்பியதும் பாட்டியாரைக் காணச் சென்றோம். சங்கும் சிப்பியும் கொடுத்தோம், சிறையைக் கூறினோம், கடலைக் கூறினோம். அவர் கேட்டது ஒன்றே: "அந்தப் பிள்ளை மாமன் இருந்த இடத்தைப் பார்த்தானா?"

அன்பர்களே, களித்து வருதல் குற்றமன்று. ஆண்டு முழுதும் உழைப்போர்க்குச் சில நாள் ஓய்வு வேண்டும். ஆயின், செல்லும் மண்ணில் யார் வாழ்ந்தனர், யார் மடிந்தனர், யார் திரும்ப இயலாது போயினர் என்பதைப் புறப்படுமுன் நம் பிள்ளைகட்கு ஒரு மாலையேனும் சொல்லுதல் நம் கடமை. வருக என்றழைத்த உறவினர் எங்கேனும் இருப்பின், அடுத்த ஆண்டு என்று எழுதாது இவ்வாண்டே சென்று வருக. திரும்புசீட்டு நம் கையில் உள்ளது. அது எல்லார்க்கும் கிடைத்ததன்று.

வாழ்க தமிழர் ஒற்றுமை! வளர்க நம் சங்கம்!