மாலேயின் முருகைக்கல் பள்ளிவாசல்: பதுளையிலிருந்து ஒரு பயணம்

பதுளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்தவள் நான். எங்கள் லயத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் எல்லோரும் வேலைக்குத்தான் போனார்கள். தம்பியும் அப்படித்தான் மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்குப் போனான். அவன் அழைத்ததால், உல்லாசப் பயணியாக ஐந்து நாட்கள் அங்கே தங்கிவந்தேன்.

கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். பயணத்துக்கு முன் இணையத்தில் விபரப் படிவமொன்றை நிரப்ப வேண்டும். 30 நாட்களுக்கான விசாவை விமான நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். பெரும்பாலானோர் கடற்கரைக்குப் போகிறார்கள். நான் தலைநகர் மாலேயின் பள்ளிவாசல்களைப் பார்க்கப் போனேன்.

முதலில் ஹுகுரு மிஸ்கி எனப்படும் பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல். சுல்தான் முதலாம் இப்ராஹிம் இஸ்கந்தர் 1656 முதல் 1658 வரை இதைக் கட்டுவித்தார். மலையோ பாறையோ இல்லாத நாடு அது. கடலிலிருந்து முருகைக்கல்லை வெட்டியெடுத்துச் செதுக்கி, சாந்து பூசாமல் ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார்கள். சுவர் முழுவதும் பூவேலை. முற்றத்தில் பழைய கல்லறைகள். தலைக்கல்லின் உச்சி கூர்மையாக இருந்தால் ஆண், வளைவாக இருந்தால் பெண். அருகிலுள்ள உருண்டையான மினாரா 1675இல் எழுந்தது.

முஸ்லிம் அல்லாதோர் உள்ளே செல்ல முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். நான் பெறவில்லை, வெளியே நின்றுதான் பார்த்தேன். இக்கட்டடம் மக்காவின் திசையை நோக்கி நிற்கவில்லை. இஸ்லாத்துக்கு முந்திய கோயிலொன்றின் அத்திவாரத்தில் எழுந்ததால் நேர் மேற்கைப் பார்க்கிறது என்பர். அதனால் தொழுவோர் சுவரை அல்ல, மூலையை நோக்கி நிற்கிறார்கள்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் 1984இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய நிலையம். பொற்குவிமாடம், வெண்பளிங்கு, ஐயாயிரம் பேர் தொழக்கூடிய மண்டபம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரை விரட்டிய முஹம்மத் தகுருபானுவின் பெயர் இப்பள்ளிவாசலுக்கு. தொழுகை இல்லாத வேளைகளில் எவரும் உள்ளே போகலாம். கை கால் மறைய உடுக்க வேண்டும். பெண்கள் முக்காடு இட வேண்டும்.

வெளியே படியில் இருந்த ஒரு பெரியவர் சிங்களத்தில் பேசினார். சிறுவயதில் கொழும்பில் படித்தவராம். நான் தமிழ் என்றதும் சற்று மௌனமானார். பிறகு, "1988 தெரியுமா, துவ?" என்று கேட்டார்.

தெரியும். அந்த வருடம் நவம்பர் 3 அதிகாலையில், அப்துல்லா லுதுபி என்ற மாலைதீவு வர்த்தகருக்காக, புளொட் இயக்கத்தின் ஏறக்குறைய 80 பேர் இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்து மாலேயைத் தாக்கினார்கள். அன்றிரவே இந்தியப் படையினர் விமானத்தில் வந்திறங்கினர். 19 பேர் இறந்தார்கள். அந்நாள் இன்றும் அங்கே வெற்றி தினமாக விடுமுறை. தாக்கப்பட்ட பாதுகாப்புப் படைத் தலைமையகம் பள்ளிவாசலுக்கு அருகில்தான் இருக்கிறது.

"எனக்கு அதில் பங்கில்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பண்டாரவளை பஸ்ஸில் பிந்துனுவெவவைக் கடக்கும்போதெல்லாம் நான் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்ப்பேன். 2000 ஒக்டோபர் 25இல் அங்கே புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டபோது இவர்கள் எங்கே நின்றார்கள் என்று மனம் கேட்கும். அதே கேள்வியைப் பெரியவர் என்னிடம் கேட்டார். "தெரியும், ஐயா. வருத்தம்தான்" என்றேன். அவர் எழுந்து, செருப்பை எங்கே கழற்றுவது, பெண்களுக்கான வழி எது என்று காட்டினார்.

1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவ்வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். இவற்றை நாங்கள் பேசுவது குறைவு. பதுளை நகரத்துப் பள்ளிவாசல் எனக்கு இத்தனை வருடமும் பஸ்ஸிலிருந்து பார்க்கும் அடையாளம் மட்டுமே.

திரும்பிவந்த வாரம் அங்கே போய், உள்ளே பார்க்கலாமா என்று கேட்டேன். அஸர் தொழுகை முடிந்ததும் வரச் சொன்னார்கள். முக்காட்டுடன் போனேன்.