1,711 கி.மீ பாலைவன சாலை... ஒரே பைக்கில் கணவன் மனைவி போக முடியுமா? மெக்சிகோவின் பாஹா பயணம் - முழு விளக்கம்!

ஒரு பக்கம் பசிபிக் பெருங்கடல். இன்னொரு பக்கம் கலிஃபோர்னியா வளைகுடா. நடுவில் கள்ளிச்செடியும் பாறையும் மணலுமா நீண்டு கிடக்கும் பாலைவனம். அதன் நடுவே ஒரு தார்ச்சாலை. பைக் பயணம் பிடிச்சவங்க பலரும் வாழ்க்கையில ஒரு தடவையாவது போகணும்னு நினைக்கிற இடம் இது. பெயர், பாஹா கலிஃபோர்னியா.

ஜோடியா பைக்கில் போற பலர் இந்தச் சாலையைத் தேர்வு செய்றாங்க. ஆனா இது ஊட்டிக்குப் போயிட்டு வர்ற மாதிரியான பயணம் இல்லை. பெட்ரோல், தண்ணீர், வெளிச்சம் - இந்த மூணு கணக்கில் எது தப்பினாலும் சிக்கல்தான். அந்தக் கணக்குகளை எப்படிப் போடுறது? விரிவா பார்க்கலாம்.

எங்கே இருக்கிறது பாஹா?

மெக்சிகோவின் வடமேற்கு மூலையில், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணத்துக்கு நேர் கீழே வால் போல நீளும் தீபகற்பம்தான் பாஹா. நீளம் 1,200 கிலோமீட்டருக்கும் மேல். வடக்கே பாஹா கலிஃபோர்னியா, தெற்கே பாஹா கலிஃபோர்னியா சூர் என இரண்டு மாநிலங்கள்.

கோடிக்கணக்கான ஆண்டுகளாக நடக்கும் நிலத்தட்டு நகர்வால் இந்த நிலம் மெக்சிகோவின் பெருநிலத்தை விட்டுப் பிரிந்தது. அந்த இடைவெளியில் கடல் புகுந்து வளைகுடா உருவானது. மேற்குக் கரையில் ஓடும் குளிர்ந்த நீரோட்டம் மழை மேகத்தைச் சேரவிடாது. வடக்கே உயர்ந்த மலைகளும் ஈரக்காற்றைத் தடுக்கும். அதனால்தான் சுற்றிலும் கடல் இருந்தும் நடுவே பாலைவனம்!

சாலை எப்போ வந்தது?

டிஹுவானாவில் தொடங்கி காபோ சான் லூகாஸில் முடியும் முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலை 1,711 கி.மீ நீளம். முழுசா தார் போட்டு முடித்தது 1973-ல்தான். அதுவரை பெரும்பகுதி வெறும் மண் பாதை.

அந்த மண் பாதைக் காலத்திலேயே பாஹாவுக்கு பைக் உலகில் பெயர் கிடைத்தது. 1962-ல் டேவ் எக்கின்ஸ், பில் ராபர்ட்சன் ஜூனியர் என்ற இரு அமெரிக்கர்கள் ஹோண்டா பைக்குகளில் டிஹுவானாவில் இருந்து லா பாஸ் வரை ஓட்டினர். எக்கின்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 40 மணி நேரத்துக்குச் சற்றே குறைவு. அதைத் தொடர்ந்துதான் 1967-ல் முதல் அதிகாரபூர்வ பந்தயம் நடந்தது. இன்று உலகப் புகழ்பெற்ற 'பாஹா 1000' பந்தயம் அதன் தொடர்ச்சியே.

எந்த வழியாகப் போவது?

அவசரப்படாமல் போனால் 6 முதல் 8 நாட்கள் தேவை. தம்பதிகளுக்கு ஏற்ற ஒரு திட்டம் இதோ (தூரம் தோராயமானது):

* முதல் நாள்: டிஹுவானா - என்சனாடா - எல் ரொசாரியோ. சுமார் 350 கி.மீ. மீன் டாக்கோவுக்குப் பெயர் போன ஊர் என்சனாடா. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடிச்சிடலாம்.
* இரண்டாம் நாள்: எல் ரொசாரியோ - கட்டவீன்யா - கெரேரோ நெக்ரோ. சுமார் 355 கி.மீ. பயணத்தின் மிகக் கடினமான நாள் இதுதான்.
* மூன்றாம் நாள்: கெரேரோ நெக்ரோ - சான் இக்னாசியோ - சாண்டா ரொசாலியா - முலெஹே. சுமார் 280 கி.மீ.
* நான்காம் நாள்: முலெஹே - லொரேட்டோ. சுமார் 135 கி.மீ. கொன்செப்சியோன் வளைகுடாவின் கடற்கரைகளில் இறங்கிக் குளிக்க நேரம் இருக்கும்.
* ஐந்தாம் நாள்: லொரேட்டோ - லா பாஸ். சுமார் 355 கி.மீ.
* ஆறாம் நாள்: லா பாஸ் - டோடோஸ் சாண்டோஸ் - காபோ சான் லூகாஸ். சுமார் 155 கி.மீ. இந்த வழியில் கடக ரேகையைக் கடந்து போவீங்க.

வழியில் என்ன பார்க்கலாம்?

எல் ரொசாரியோவைத் தாண்டியதும் 'வாயே தே லோஸ் சிரியோஸ்' என்ற பாதுகாக்கப்பட்ட பாலைவனம் தொடங்கும். 'மெழுகுவர்த்திகளின் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். சிரியோ மரத்தைப் பார்த்தால் காரணம் புரியும். கிளையே இல்லாம, ஒல்லியா, மேலே போகப் போக குறுகி, மெழுகுவர்த்தி மாதிரியே நிற்கும். பக்கத்திலேயே கார்டோன் கள்ளி, உலகின் மிக உயரமான கள்ளி வகைகளில் ஒன்று. கட்டவீன்யாவில் வீடு அளவுக்குப் பெரிய பாறைகள் கொட்டிக் கிடக்கும்.

கெரேரோ நெக்ரோவில் உலகின் மிகப்பெரிய உப்பளங்களில் ஒன்று இருக்கிறது. அதைவிட முக்கியம், அருகிலுள்ள ஓஹோ தே லியேப்ரே உப்பங்கழி. ஆர்க்டிக் பகுதியில் இருந்து சாம்பல் திமிங்கலங்கள் குட்டி போட இங்கே வரும். போக வர 16,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்துகின்றன. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சின்னப் படகில் போய்ப் பார்க்கலாம். இந்தத் திமிங்கலச் சரணாலயத்தை 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சான் இக்னாசியோ, பாலைவனத்துக்கு நடுவே பேரீச்ச மரங்கள் சூழ்ந்த பசுமையான ஊர். அடுத்து வரும் சாண்டா ரொசாலியா, 1880-களில் பிரெஞ்சு நிறுவனம் ஒன்று தாமிரச் சுரங்கத்துக்காக உருவாக்கிய ஊர். அங்குள்ள இரும்புத் தேவாலயத்தை ஈஃபிள் கோபுரப் புகழ் குஸ்தாவ் ஈஃபிள் வடிவமைத்ததாகச் சொல்கிறார்கள். லொரேட்டோவில் 1697-ல் தொடங்கப்பட்ட தேவாலயம் இருக்கிறது.

கணக்கு 1: பெட்ரோல்

எல் ரொசாரியோவை விட்டா, நம்பிப் போகக்கூடிய பெட்ரோல் பங்க் கெரேரோ நெக்ரோ பக்கம் வந்த பிறகுதான். நடுவில் கட்டவீன்யாவில் சிலர் சாலையோரத்தில் பீப்பாயில் வைத்து விற்பார்கள். விலை அதிகம். எல்லா நாளும் கிடைக்கும்னு நம்ப முடியாது.

ஒரு உதாரணம் பாருங்க. பைக் டேங்க் 15 லிட்டர். தனியா ஓட்டும்போது லிட்டருக்கு 22 கி.மீ கிடைக்குதுன்னா 330 கி.மீ போகலாம். இரண்டு பேர், பெட்டிகள், எதிர்க்காற்று எல்லாம் சேர்ந்து அது 18 ஆகக் குறைந்தால் 270 கி.மீ தான். போக வேண்டியதோ 355 கி.மீ. மிச்சம் 85 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 5 லிட்டர் கூடுதலா கையில் இருக்கணும்.

அதனால், பயணத்துக்கு முன்பே இரண்டு பேர் எடையோட ஓட்டிப் பார்த்து மைலேஜ் கணக்கிடுங்க. வழியில் எந்த பங்க் வந்தாலும் டேங்க்கை நிரப்பிட்டே போங்க. 'அடுத்த ஊர்ல போட்டுக்கலாம்' என்ற பழக்கம் இங்கே ஆகாது.

கணக்கு 2: தண்ணீரும் வெயிலும்

ஜூலை முதல் செப்டம்பர் வரை பல இடங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். 'பைக்ல போனா காத்து அடிக்குமே' என்று நினைக்கலாம். அங்கேதான் ஆபத்து.

நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடா இருந்தால், வேகமா அடிக்கும் காற்று உடம்பைக் குளிர வைக்காது, சூடேற்றும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். வியர்க்குதுன்னே தெரியாது. ஆனா உடம்பில் நீர் குறைஞ்சுக்கிட்டே இருக்கும். ஜாக்கெட்டைக் கழற்றினால் இன்னும் மோசம். உள்ளே பனியனை நனைச்சுப் போட்டு, மேலே ஜாக்கெட் அணிவதுதான் சரியான வழி.

குடிக்க ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டுகள் வேண்டும். எல்லாத் தண்ணீரையும் ஒரே கேனில் வைக்காதீங்க. அது உடைஞ்சா மொத்தமும் போச்சு.

எந்த மாதம் போகலாம்? அக்டோபர் பிற்பகுதி முதல் நவம்பர் வரை, அல்லது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் பயம் உண்டு. 2014 செப்டம்பரில் ஒடீல் புயல் காபோ சான் லூகாஸைப் புரட்டிப் போட்டது. குளிர்காலத்தில் பாலைவன இரவுகள் கடுமையா குளிரும், அதற்கும் துணி வேண்டும்.

கணக்கு 3: வெளிச்சம்

பாஹாவுக்குப் போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே அறிவுரை, 'இருட்டிய பிறகு ஓட்டாதே'. கொள்ளை பயம் மட்டும் காரணம் இல்லை. மாடுகள்தான் முக்கியக் காரணம். வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தில் இருந்து வரும் மாடுகள், பகல் சூடு தங்கியிருக்கும் தார்ச்சாலையில் இரவில் வந்து நிற்கும். கறுப்பு மாடு ஹெட்லைட்டில் தெரியும்போது தூரம் போதாது.

சாலையும் குறுகல். பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்க ஒரு அடி இடம்கூட கிடையாது. தார் முடியும் இடத்தில் நேரா பள்ளம். எதிரே பெரிய லாரி வந்தால் காற்று வண்டியை ஒரு தள்ளு தள்ளும். 'வாடோ' எனப்படும் தாழ்வான இடங்களில் மழை பெய்தால் திடீர் வெள்ளம் ஓடும்.

டிசம்பரில் வடக்கே மாலை 5 மணிக்கு முன்பே சூரியன் மறையும். இன்னொரு விஷயம், குளிர்காலத்தில் வடக்கு மாநிலத்தில் இருந்து தெற்கு மாநிலத்துக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்பி, மாலை 3 மணிக்கெல்லாம் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது போல திட்டமிடுங்க.

பின்னாடி உட்காருபவர் ஏன் முக்கியம்?

ஓட்டுபவருக்கு முன்னாடி இருக்கும் சாலை தெரியும். பின்னாடி இருப்பவர் முகம் தெரியாது. பின்சீட்டில் இருப்பவருக்குக் காற்று குறைவு, செய்ய வேலையும் இல்லை. வெயிலில் சோர்ந்து கண் சொருகினாலும் ஓட்டுபவருக்குத் தெரிய வாய்ப்பு குறைவு. அதனால்தான் ஜோடிப் பயணத்தில் சில ஏற்பாடுகள் அவசியம்:

* ஹெல்மெட்டில் இன்டர்காம் வைத்து அடிக்கடி பேசுங்க. பதில் தாமதமா வந்தாலோ, குழறினாலோ உடனே நிறுத்தணும். தலைவலி, குமட்டல், வியர்வை நின்றுபோவது எல்லாம் வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள்.
* 'நிறுத்தலாம்' என்று இருவரில் யார் சொன்னாலும் நிறுத்தணும். எவ்வளவு தூரம் போவது என்பதை அதிகம் களைத்தவர்தான் முடிவு செய்யணும், அதிகம் உற்சாகமா இருப்பவர் அல்ல.
* மேப், பெட்ரோல், தண்ணீர் கணக்கைப் பின்சீட்டில் இருப்பவர் பார்த்துக்கலாம். ஓட்டுபவர் சாலையை மட்டும் பார்க்கட்டும்.
* இரண்டு பேர் எடைக்கு ஏற்ப பின் சஸ்பென்ஷன், டயர் காற்று, ஹெட்லைட் உயரம் மூன்றையும் சரிசெய்யணும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதிகமாகும் என்பதையும் மறக்கக் கூடாது.
* ஆவண நகல், பணம், மருந்து இரண்டு பேரிடமும் தனித்தனியா இருக்கட்டும்.

பாதுகாப்பு எப்படி?

2024 ஏப்ரலில் என்சனாடா அருகே கடற்கரையில் முகாமிட்டிருந்த ஆஸ்திரேலிய சகோதரர்கள் இருவரும் அவர்களின் அமெரிக்க நண்பரும் வாகனத் திருட்டு முயற்சியில் கொல்லப்பட்டனர். அந்த ஆண்டு அமெரிக்க அரசின் பயண எச்சரிக்கையில் வடக்கு மாநிலம் 'பயணத்தை மறுபரிசீலனை செய்யவும்' என்ற பட்டியலிலும், தெற்கு மாநிலம் 'கூடுதல் கவனம் தேவை' என்ற பட்டியலிலும் இருந்தன. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கூடாரம் போடாமல், ஊருக்குள் விடுதியில் தங்குவது நல்லது.

வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும். போதைப்பொருள், ஆயுதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, பொறுமையா பதில் சொன்னால் போதும்.

முன்னே போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் 'முந்திக்கொள்' என்று அர்த்தமாகவும் இருக்கலாம், 'இடப்பக்கம் திரும்பப் போகிறேன்' என்றும் இருக்கலாம். உங்க கண்ணால் எதிர்ப்பக்கம் காலி என்று பார்க்காமல் முந்தாதீங்க. மெக்சிகோவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும் என்பதையும் இந்தியர்கள் நினைவில் வைக்கணும்.

அவசர உதவி எண் 911. வண்டி பழுதானால் அரசின் 'பச்சை தேவதைகள்' எனப்படும் சாலை உதவிக் குழுவை 078 எண்ணில் அழைக்கலாம். ஆனால் நடுப் பாலைவனத்தில் பல மணி நேரம் செல்போன் சிக்னலே இருக்காது. செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பும் கருவி இருந்தால் பெரிய தைரியம்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பைக் பதிவுச் சான்று, சுற்றுலா நுழைவு அனுமதி அவசியம். அமெரிக்காவில் எடுத்த காப்பீடு மெக்சிகோவில் மூன்றாம் நபர் இழப்புக்குச் செல்லாது. விபத்தில் யாருக்காவது காயம் என்றால், இழப்பீட்டுக்கு உத்தரவாதம் தரும் வரை ஓட்டுநரைக் காவலில் வைக்கலாம். எனவே மெக்சிகோ காப்பீடு கட்டாயம் எடுக்கணும்.

பாஹாவுக்குள் மட்டும் ஓட்டினால் வெளிநாட்டு பைக்குக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. லா பாஸில் இருந்து கப்பலில் மசாட்லான் போன்ற பெருநிலத் துறைமுகங்களுக்குப் போனால் தேவை.

இந்தியர்களுக்கு மெக்சிகோ விசா வேண்டும். செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்போருக்கு விலக்கு உண்டு. விதிகள் மாறலாம் என்பதால் கிளம்பும் முன் தூதரகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மொத்தத்தில்...

பாஹாவின் அழகுக்கும் ஆபத்துக்கும் காரணம் ஒன்றுதான், அங்கே ஆளே இல்லை. உதவி வந்து சேர நேரமாகும். அதுவரை அந்த இரண்டு பேருக்கும் ஒருவருக்கொருவர்தான் துணை. ஆகவே பைக்கை சர்வீஸ் விடும் நாளிலேயே இருவரும் உட்கார்ந்து பேசி, எங்கே பெட்ரோல் போடுவது, எத்தனை மணிக்கு நிறுத்துவது, யாருக்கு முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பேச்சை நடுப் பாலைவனத்தில், 42 டிகிரி வெயிலில், டேங்க் காலியான பிறகு வைத்துக்கொள்ளக் கூடாது.