சுருங்கிய போரும் விரிந்த போரும்

ஆதிபகவனின் மக்களாகிய பரதனும் பாகுபலியும் எதிரெதிரே நின்ற வரலாற்றை நம் இல்லங்களில் அறியாதார் இலர். அயோத்தியிலிருந்து வந்த சக்கரவர்த்தியின் சேனை ஒருபுறம். போதனபுரத்துச் சேனை மறுபுறம். அவ்வேளையில் இருதரப்பு அமைச்சர்களும் கூடி ஆராய்ந்தனர். உடன்பிறந்தார் இருவரும் இப்பிறவியிலேயே வீடுபேறு எய்தும் சரமதேகிகள். போரினால் அவர்களுக்குக் கேடில்லை. வீணே மாள்வோர் சேனை மக்களே என்று தெளிந்தனர். அதன் பயனாகப் போர், இமையாது நோக்கும் போர், நீர்ப்போர், மற்போர் என இருவருக்கிடையே மட்டும் நிகழும் மூன்று போட்டிகளாயிற்று. மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற மண்ணையும் துறந்து தவத்தில் நின்றார்.

ஒரு பெரும்போர் இருவர் அளவிற்குச் சுருங்கியதை ஆதிபுராணமும் ஸ்ரீபுராணமும் நமக்குக் காட்டுகின்றன. கடந்த 200 ஆண்டுகளின் உலக வரலாறோ இதற்கு நேர்மாறான திசையில் சென்றது. படைகளுக்கிடையே நிகழ்ந்த போர், குழந்தை முதல் முதியோர் வரை அனைவரையும் விழுங்கும் போராக விரிந்தது. இதனை வரலாற்றாசிரியர் ‘முழுமைப் போர்’ என்பர். ஒரு நாட்டின் ஆள், பொருள், தொழில், உணவு அனைத்தும் போருக்கே ஆக்கப்படுவதும், பகைநாட்டில் அவை அனைத்தும் தாக்குதற்குரிய இலக்காகக் கொள்ளப்படுவதும் இதன் இலக்கணம்.

பண்டைப் போர்கள் மென்மையானவை என்று கூறுதல் பொருந்தாது. ஆநிரைக்கும், பெண்டிருக்கும், பிணியுடையோருக்கும் முன்னறிவிப்புத் தந்து பின்னரே அம்பு தொடுத்த பாண்டியனைப் புறநானூறு போற்றுகிறது. பகைவர் நாட்டை எரியூட்டுதலை ‘உழபுலவஞ்சி’ எனத் துறை வகுத்ததும் நம் புறப்பொருள் இலக்கணமே. ஆயினும் அன்றைய அரசனிடம் ஒரு நாடு முழுவதையும் போருக்குத் திரட்டும் ஆட்சிப்பொறியும் இல்லை; தொலைவிலிருந்து ஒரு நகரையே அழிக்கும் கருவியும் இல்லை. அறம் தடுக்காத இடத்தில் இயலாமை தடுத்தது.

அத்தடை முதலில் உடைந்த இடம் பிரான்சு. புரட்சி அரசைப் பகைநாடுகள் சூழ்ந்தபோது, 1793 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டுப் பேரவை ஓர் ஆணை பிறப்பித்தது. இளைஞர் போர்முனைக்குச் செல்க. மணமானோர் படைக்கலம் வடித்து உணவு சுமக்க. பெண்டிர் கூடாரமும் உடையும் தைத்து மருத்துவமனைகளில் பணி புரிக. சிறார் பழந்துணியிலிருந்து காயக்கட்டு செய்க. முதியோர் பொதுவெளிக்கு வந்து வீரரை ஊக்குக என்பது அதன் சாரம். தற்காப்பின் பெயரால் எழுந்த அந்த ஆணையில் எவரும் விடுபடவில்லை. தன் மக்கள் அனைவரையும் போருக்குரியோர் என ஒரு நாடு கருதத் தொடங்கினால், பகைவர் நாட்டு மக்களையும் அவ்வாறே கருதுதல் அடுத்த படியாகிவிடும்.

அந்த அடுத்த படியை அமெரிக்க உள்நாட்டுப் போரில் காண்கிறோம். 1864 நவம்பரில் வடபுலத் தளபதி செர்மன் ஏறத்தாழ 60,000 வீரர்களுடன் அட்லாண்டாவிலிருந்து கடற்கரை நகரான சவன்னாவுக்குப் புறப்பட்டார். வழியிலிருந்த களஞ்சியங்கள், ஆலைகள், கால்நடைகள் அழிக்கப்பட்டன அல்லது கவரப்பட்டன. இருப்புப்பாதைத் தண்டவாளங்களைத் தீயிலிட்டுக் காய்ச்சி மரங்களில் முறுக்கினர். விளைவித்த சேதம் 10 கோடி டாலர் என்றும், அதில் 2 கோடி தம் படைக்குப் பயன்பட்டது, எஞ்சியது வெறும் அழிவே என்றும் செர்மனே தம் அறிக்கையில் கணக்கிட்டார். அடிமை முறையை ஒழித்த தரப்பின் படையே இதனைச் செய்தது என்பது எண்ணத்தக்கது. நோக்கம் நல்லதாயினும் வழி தானாகத் தூயதாகிவிடுவதில்லை.

முதல் உலகப்போரில் (1914–1918) தொழிற்சாலையும் போர்முனையாயிற்று. பிரிட்டனின் கடல் முற்றுகையால் ஜெர்மானிய மக்கள் 1916–17 குளிர்காலத்தில், மாட்டுத் தீவனமாகிய கிழங்கை உண்டு காலம் கழித்தனர். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கொள்கலன்களைத் தாக்கியதும் இப்போரிலேதான். அஞ்சிய மக்கள் பலர் நகரை விட்டு வெளியேறினர். ‘எம்டன்’ என்ற பெயரும் நம் பேச்சுவழக்கில் நிலைத்தது. அப்போரில் ஜெர்மானியப் படையை நடத்திய லூடன்டார்ஃப், 1935இல் ‘முழுமைப் போர்’ என்ற பெயரிலேயே நூல் எழுதி, அரசியல் போருக்குப் பணி செய்ய வேண்டும் என்று வாதிட்டார். கருவிக்காகவே கைகள் என்றாயிற்று.

இரண்டாம் உலகப்போரில் அழிவு எல்லை கடந்தது. நாஜி அரசு 60 லட்சம் யூதர்களைத் திட்டமிட்டுக் கொன்றது. வார்சாவும் ராட்டர்டாமும் லண்டனும் அதன் குண்டுகளுக்கு இலக்காயின. அவ்வரசை எதிர்த்தல் தற்காப்பே என்பதில் ஐயமில்லை. எனினும் எதிர்த்தோரும் ஓர் எல்லையைக் கடந்தனர். 1942 பிப்ரவரி 14 அன்று பிரிட்டிஷ் விமானப்படைக்கு விடுக்கப்பட்ட கட்டளை, பகைநாட்டுப் பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளரின், மன உறுதியைக் குலைத்தலையே தாக்குதலின் முதன்மை நோக்கமாக வகுத்தது. பின்னர் ஹாம்பர்க் எரிந்தது. 1945 மார்ச் 9–10 இரவில் அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் இட்ட தீயில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டனர். ஆகஸ்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன.

குண்டு விழாத இடத்திலும் முழுமைப் போர் கொன்றது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் வங்காளத்துக்கு வந்த பர்மா அரிசி நின்றது. பகைவர் கைக்குப் போகலாகாது என்று கடலோர மாவட்டங்களின் நெல்லையும், பத்துப் பேர் ஏறத்தக்க படகுகளையும் ஆங்கில அரசு அப்புறப்படுத்தியது. படகிழந்த மீனவரும் சிறுவணிகரும் பிழைப்பிழந்தனர். போர்ச்செலவால் விலைவாசி விண்ணைத் தொட்டது. 1943இலும் அதனை ஒட்டியும் பசியாலும் நோயாலும் இறந்தோர் சுமார் 30 லட்சம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அவர்களுள் பலர் பகைவன் ஒருவனைக் கண்ணால் கண்டதும் இல்லை.

இவ்வரலாற்றை நம் அறநூல் வகுக்கும் அளவுகோலால் அளந்து காண்போம். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை நம் ஆசிரியர்கள் நான்காகப் பகுத்தனர். அடுப்பு மூட்டுதல் முதலிய இல்லப் பணிகளில் நேர்வது ஆரம்ப இம்சை. உழவு முதலிய தொழில்களில் நேர்வது உத்யோக இம்சை. தாக்க வருவோனைத் தடுக்கையில் நேர்வது விரோத இம்சை. கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது சங்கல்ப இம்சை. முதல் மூன்றையும் இயன்றவரை குறைக்கக் கடமைப்பட்ட சாவகன், நான்காவதை முற்றும் விலக்குதல் வேண்டும். தற்காப்புப் போரைச் சமணம் அறியாததன்று. சிரவணபெளகுளத்தில் பாகுபலியின் 57 அடி உருவை எழுப்பிய சாமுண்டராயரே கங்க நாட்டின் படைத்தலைவர்தாம்.

முழுமைப் போரின் கேடு, விரோத இம்சையாகத் தொடங்கிச் சங்கல்ப இம்சையாக முடிவதில் இருக்கிறது. தாக்க வந்த வீரனைத் தடுப்பது ஒன்று. அவன் மன உறுதியைக் குலைக்க அவன் தாயையும் குழந்தையையும் எரிப்பது வேறொன்று. இரண்டிற்கும் இடையே உள்ள கோடு கருத்தில் இருக்கிறது, கருவியில் இல்லை.

இந்த உண்மையை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1949இல் ஜெனீவாவில் பொதுமக்களைக் காக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. 1977இல் அதனோடு இணைந்த நெறிமுறை, பொதுமக்களைத் தாக்குதலையும், பட்டினியைப் போர்முறையாக்குதலையும் வெளிப்படையாகத் தடை செய்தது. எனினும் சட்டம் ஏட்டளவில் நின்றுவிடுவதை நாளேடுகள் நாள்தோறும் காட்டுகின்றன. பகைமை மூண்ட காலத்தில் ‘அவர்கள் அனைவரும் பகைவரே’ என்ற சொல் முதலில் பிறப்பது பாசறையில் அன்று. திண்ணையிலும் தேநீர்க்கடையிலும் இன்று கைப்பேசியிலும் பிறக்கிறது. அச்சொல்லுக்கு நாம் இசையும்போது சங்கல்பம் நம்முள்ளும் கால்கொள்கிறது.

ஆகவே, பாகுபலியின் வரலாற்றை நம் பேரக்குழந்தைகளுக்கு உரைக்கும்போது, அவர்தம் தோள்வலியோடும் துறவோடும் நிறுத்திவிடலாகாது. இரு சேனைகளும் ஆர்ப்பரித்து நின்ற வேளையில், மாளவிருந்த எளிய வீரரை எண்ணிப் பார்த்து, தத்தம் அரசர்முன் அஞ்சாது சொன்ன அந்த அமைச்சர்களையும் சேர்த்துச் சொல்வோம். பாகுபலியாக நிற்றல் எல்லோர்க்கும் இயலாது. அந்த அமைச்சர்களைப் போல ஒரு சொல் சொல்லுதல் நம் ஒவ்வொருவர்க்கும் இயலும்.

அகிம்சை அறம் ஓங்குக!