சமவாய்ப்பு இலக்கங்கள் வழி மாதிரி விகிதப் பாவனை

ஒரு முழுமைத் தொகுதியில் குறிப்பிட்ட பண்புடையோரின் விகிதம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து எடுக்கும் மாதிரிகளில் அந்த விகிதம் எப்படியெல்லாம் ஏறி இறங்கும் என்பதைக் களத்துக்குப் போகாமலே, 0 முதல் 9 வரையிலான இலக்கங்களைக் கொண்டு கண்டறியும் புள்ளியியல் முறை. ஒவ்வோர் இடத்திலும் எந்த இலக்கமும் பத்தில் ஒரு வாய்ப்புடன், முன்பின் இலக்கங்களைச் சாராமல் வரவேண்டும். நிபந்தனை அவ்வளவுதான்.

விகிதம் 0.6 என்றால் 0 முதல் 5 வரையிலான ஆறு இலக்கங்கள் ‘ஆம்’. 6, 7, 8, 9 ‘இல்லை’. எந்த ஆறு என்பது பொருட்டல்ல. எண்ணத் தொடங்குமுன் முடிவு செய்துவிட வேண்டும். 0.37 போன்ற விகிதத்துக்கு இரண்டிரண்டு இலக்கமாகப் படித்து, 00 முதல் 36 வரை ‘ஆம்’ எனக் கொள்ளலாம். 37 வரை என்று எழுதிவிட்டால் 00-வும் சேர்ந்து 38 எண்கள் ஆகிவிடும். மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இது. மூன்றில் ஒன்று என்றால் 0 வரும்போதெல்லாம் விட்டுவிட்டு, 1, 2, 3 ஆகியவற்றை ‘ஆம்’ என்று வைத்துக்கொண்டால் போதும்.

பெயர்ப் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே எண் மறுபடி வந்தால் தள்ளிவிடுவார்கள். ஒரே ஆளை இருமுறை கேட்பதில்லை. விகிதத்தைப் பாவனை செய்யும்போது அப்படித் தள்ளக்கூடாது. இங்கே இலக்கம் ஆளைக் குறிப்பதில்லை, விடையை மட்டுமே குறிக்கிறது. தள்ளினால் 0.6 என்ற வாய்ப்பே மாறிப்போகும்.

சமவாய்ப்பு இலக்க அட்டவணை கையில் இல்லாதவர்கள் பை எண்ணின் தசம இலக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். அவை முற்றிலும் சீராகப் பரவியவை என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. ஆனாலும் பயிற்சிக்குத் தாராளமாகப் போதும். முதல் நூறு இலக்கங்கள்:

14159 26535 89793 23846 26433 83279 50288 41971 69399 37510
58209 74944 59230 78164 06286 20899 86280 34825 34211 70679

0.6 விகிதத்துக்கான குறியீட்டை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். ஐந்து ஐந்தாகப் பிரித்தால் மாதிரி விகிதம் 0.2-இலிருந்து (89793) 1.0 வரை (34211) அலைகிறது. பத்துப் பத்தாகப் பிரித்தால் 0.8, 0.4, 0.6, 0.6, 0.5, 0.6, 0.6, 0.4, 0.6, 0.6. இருபது இருபதாகப் பிரித்தால் 0.60, 0.60, 0.55, 0.50, 0.60. நூறையும் ஒரே மாதிரியாகக் கொண்டால் 0.57. உண்மை விகிதம் எங்கும் மாறவில்லை. மாதிரி பெருகப் பெருக அலைச்சல் குறைகிறது.

அந்த அலைச்சலின் அளவே திட்டப்பிழை. விகிதத்தையும், ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் வரும் மிச்சத்தையும் பெருக்கி, மாதிரி அளவால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். இங்கே ஐந்துக்கு 0.22, பத்துக்கு 0.15, இருபதுக்கு 0.11. பிழை பாதியாக வேண்டுமானால் மாதிரி நான்கு மடங்காக வேண்டும். மேலே இருபதுக்கான ஐந்து விடைகளும் இத்தனை நெருக்கமாக விழுந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் உண்டு; ஐந்தே மாதிரிகளை வைத்துப் பரவலின் அகலத்தை முடிவு செய்யக்கூடாது. ஆயிரம் முறை செய்தால்தான் மாதிரி விகிதங்களின் பரவலான கூறெடுப்புப் பரவலின் மணிவடிவம் தெளியும்.

இம்முறையால் உண்மை விகிதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதை நாம்தான் முதலில் கருதிக்கொள்கிறோம். அக்கருத்தைச் சோதிக்க மட்டும் இது உதவும். ஆதரவு 0.6 என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேரில் ஒன்பது பேர் ‘ஆம்’ என்றால் அது தற்செயலா? மேலுள்ள பத்து மாதிரிகளில் ஒன்றுகூட ஒன்பதை எட்டவில்லை. ஒன்பதோ பத்தோ கிடைப்பதற்கான சரியான நிகழ்தகவு 0.046, அரிதுதான், நடக்கவே நடக்காதது அல்ல.

இலக்க அட்டவணைகளுக்கு முன் சீட்டுக் குலுக்கலும் ஒரு வழி. ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய வில்லியம் கோசெட் 1908-இல், 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 மாதிரிகள் எடுத்தார். கையால் கலைப்பது நேரத்தைத் தின்னும். சரியாகக் கலைந்ததா என்ற ஐயமும் தீராது. 1927-இல் புள்ளியியலாளர் டிப்பெட், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகளிலிருந்து திரட்டிய 41,600 இலக்கங்களை வெளியிட்டார். ஃபிஷரும் யேட்சும் 1938-இல் மடக்கை அட்டவணையின் 15 முதல் 19 வரையிலான தசம இடங்களிலிருந்து 15,000 இலக்கங்களைத் தொகுத்தனர். அவற்றில் 6 அளவுக்கு மீறி வந்ததால் சிலவற்றை மாற்ற வேண்டியிருந்தது. மறு ஆண்டே கெண்டாலும் பாபிங்டன் ஸ்மித்தும் சுழலும் வட்டைக் கொண்டு 1 லட்சம் இலக்கங்களைத் தயாரித்தார்கள்.

1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் வெளியிட்ட 10 லட்சம் இலக்கங்கள் மின்னணுக் கருவியில் பிறந்தவை. அக்கருவியிலும் சிறு சாய்வு இருந்தது. இலக்கங்கள் பதிந்த துளை அட்டைகளின் இலக்கங்களை ஒன்றோடொன்று கூட்டி, பத்தோ அதற்கு மேலோ வந்தால் பத்தைக் கழித்து, எஞ்சியதை வைத்துத்தான் அதைச் சரிக்கட்டினார்கள். இன்று கணினிகளில் பெரும்பாலும் இவ்விலக்கங்களைச் சூத்திரமே தருகிறது. தொடக்க எண்ணைக் குறித்து வைத்தால் அதே வரிசை மறுபடியும் கிடைக்கும். ஒருவர் செய்த பாவனையை இன்னொருவர் இலக்கம் பிசகாமல் திரும்பச் செய்து சரிபார்க்கலாம்.